நடுவில் வைத்த சொல்

அத்தியாயம் 9

காலை ஆறு நாற்பதுக்கு, ஆலையின் பணியாளர் பிரிவு அறையில், கெண்ட்ரா கதவைச் சாத்தினாள்.

அந்த அறையின் கதவு சாத்தப்பட்டால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். கார்லாவுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடங்களாக அந்தக் கதவை வெளியிலிருந்தே பார்த்தவள் அவள். உள்ளே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மேஜையின் மேல் ஒரு தாள் கிடந்தது. மூன்றாவது லைனின் மெட்டல் டிடெக்டர் தாள். மணிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து.

"தரக் கட்டுப்பாட்டுப் பொண்ணு நேத்து மதியம் ஒண்ணு பத்துக்கு இதை போட்டோ எடுத்திருக்கா. ரெண்டு மணிக் கட்டத்தைப் பாருங்க." கெண்ட்ரா தன் போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

கார்லா பார்த்தாள். ஒன்று பத்துக்கு எடுத்த படத்தில் இரண்டு மணிக் கட்டத்தில் கையெழுத்து இருந்தது. வால் நீட்டிச் சுழித்த கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பழகி, பிறகு தன் பெயரையும் அதே சுழியில் எழுதத் தொடங்கியவன் ஒருவன்தான்.

ரஸ். அவள் தம்பி.

நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். விஸ்கான்சினின் இந்தச் சின்ன ஊரில் அந்த உறைய வைத்த பீட்சா ஆலைதான் பாதிப் பேருக்குச் சோறு. லைனில் நின்று மாவுத் தட்டு தள்ளிய கார்லா செப்டம்பரில் மேற்பார்வையாளர் ஆனாள். பதினோரு வருடமாக அதே லைனில் நிற்கும் ரஸ், அக்காவின் கீழ் வேலை செய்யும்படி ஆயிற்று. மணிக்கு ஒரு தடவை லைனை நிறுத்தி, உள்ளே கடுகளவு உலோக மணி வைத்த மூன்று பிளாஸ்டிக் பட்டைகளைக் கருவிக்குள் விட்டு, அது கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. ரஸ் பார்ப்பதில்லை. கட்டங்களைக் காலியாக விட்டு ஷிப்ட் முடியும்போது மொத்தமாகக் கையெழுத்துப் போட்டதற்காக மூன்று வாரத்துக்கு முன்னால் அவனுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை. எச்சரித்தது கார்லா. அதே தப்பு இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி ரஸ்ஸின் மனைவி ஷெல்லிக்கு இடுப்பு எலும்பு மாற்றும் அறுவைச் சிகிச்சை. பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. அதற்கான காப்பீடு ரஸ்ஸின் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஷிப்ட் முடியும்போது சொல்லிடணும்" என்றாள் கெண்ட்ரா. "ரெண்டரைக்கு. அதுவரைக்கும் அவரைப் பெட்டி அடுக்கற பக்கம் போட்டுடுங்க. டிடெக்டர்கிட்ட விடாதீங்க."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"நேர் மேலதிகாரி வாயால வரணும். இங்க அதுதான் முறை."

"அவன் என் தம்பி, கெண்ட்ரா."

"தெரியும். செப்டம்பர்ல அவரை வேற ஷிப்டுக்கு மாத்தட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், நான் பாத்துக்கறேன்'னு நீங்கதான் சொன்னீங்க."

கார்லா தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

கெண்ட்ரா முப்பத்தொரு வயதுக்காரி. கெட்டவள் இல்லை. கதவைத் திறக்கும்போது கார்லாவின் தோளை லேசாகத் தொட்டாள்.

"இன்னிக்கு உங்க கடைசி வகுப்பு இல்லையா? கடினமான உரையாடலைத்தான் பழக்கப்போறாங்க. நல்ல நேரத்துல வருது."

---

வகுப்பு மேல்மாடியில். ஆறு வெள்ளிக்கிழமைகளாக எட்டு மேற்பார்வையாளர்கள் அங்கே உட்கார்ந்து தலைமை தாங்கவும் பேசவும் கற்றுக்கொண்டிருந்தார்கள். சொல்லிக் கொடுப்பவன் பிரெட். மில்வாக்கியிலிருந்து வருகிறவன். யார் என்ன கேட்டாலும் "அருமையான கேள்வி" என்பான்.

பலகையில் முதல் வாரம் வரைந்த படம் இன்னும் அழியாமல் இருந்தது. மேலே ஒரு ரொட்டித் துண்டு, கீழே ஒரு ரொட்டித் துண்டு, நடுவில் இறைச்சி. நல்ல வார்த்தையில் தொடங்கு. கசப்பை நடுவில் வை. நல்ல வார்த்தையில் முடி. பிரெட் இதைச் சாண்ட்விச் முறை என்பான்.

அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், கார்லா இதை ஷெல்லியிடம் விளக்கிச் சொன்னாள். ஷெல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ இனிமே நீ என்னைப் பத்தி நல்லதாப் பேசினா நான் பயப்படணும்ங்கற."

இன்று மூலையில் ஒரு கேக் வைத்திருந்தார்கள். பச்சை சர்க்கரைப் பாகில் 'வாழ்த்துகள், தலைவர்களே' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எட்டுச் சான்றிதழ்கள்.

"கார்லா, நெங். நீங்க ரெண்டு பேரும் முன்னாடி வாங்க" என்றான் பிரெட். "கார்லா மேலதிகாரி. நெங் பல வருஷம் உழைச்ச ஒரு தொழிலாளி. ரெண்டாவது தடவை தப்புப் பண்ணியிருக்கார். கார்லா அவருக்கு வேலையிலிருந்து விடை கொடுக்கணும்."

நெங் ஷியோங் இரண்டாவது ஷிப்டில் குளிர்க் கிடங்கைப் பார்ப்பவன். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால் மேல் கால் போட்டுக்கொண்டான்.

"என்ன மேடம், கூப்பிட்டு விட்டீங்களாமே? போனஸா? பணமாக் குடுத்துடுங்க, என் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கார்லாவும் சிரிக்கப் பார்த்தாள்.

"நெங்" என்று ஆரம்பித்தாள். வாய் தானாகப் பேசியது. "இந்த ஆலையிலயே நிக்காம ஓடற லைன்னா அது உன் லைன்தான். மத்த லைனெல்லாம் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை நிக்குது. உன்னோடது நிக்கறதே இல்ல."

அங்கேயே நின்றுவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ரஸ்ஸிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அன்று நல்லதாகச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று தேடி, சுவரில் லைன் நிற்கும் எண்ணிக்கையைக் காட்டும் பலகையைப் பார்த்து, அதிலிருந்து எடுத்துச் சொன்னது.

மற்ற லைன்கள் ஏன் எட்டுத் தடவை நிற்கின்றன? சோதனைக்காக. ரஸ்ஸின் லைன் ஏன் நிற்பதில்லை? அவன் சோதனை செய்வதில்லை.

எந்தத் தப்புக்காக அவனை எச்சரிக்கப் போனாளோ, அந்தத் தப்பைத்தான் முதல் வார்த்தையிலேயே பாராட்டியிருக்கிறாள்.

"நிறுத்தாதீங்க, நல்லா வருது" என்றான் பிரெட்.

"பிரெட், ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமா."

"எதிர்ல இருக்கறவன் மேல் ரொட்டியையும் கீழ் ரொட்டியையும் மட்டும் தின்னுட்டுப் போயிட்டான்னா?"

யாரோ கனைத்தார்கள். பிரெட் முகம் மலர்ந்தான்.

"அருமையான கேள்வி. அதனாலதான் நாம பேச்சு முடிஞ்சதும் கையெழுத்து வாங்கறோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நெங் மட்டும் சிரிக்கவில்லை. கேக் வெட்டும்போது அவள் பக்கம் வந்து நின்றான்.

"எங்கப்பா என்னைத் திட்டினா மூணாவது வீட்டுக்குக் கேக்கும். ஆனா ஒரு நாளும் எதுக்குத் திட்டினார்னு எனக்குச் சந்தேகம் வந்ததில்ல." காகிதத் தட்டை அவளிடம் நீட்டினான். "ரஸ்தானா?"

"யார் சொன்னா?"

"காலைலேர்ந்து பெட்டி அடுக்கிட்டிருக்கான். பாட்டு வேற பாடறான். இன்னும் தெரியாது போல."

---

பன்னிரண்டே காலுக்குக் கார்லா மறுபடி கெண்ட்ராவின் கதவைத் தட்டினாள்.

இந்தத் தடவை உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"நான் அவனை எச்சரிக்கவே இல்ல. எச்சரிச்சேன்னு எழுதிட்டேன். ஆனா அவன் காதுல விழுந்தது பாராட்டு. லைன் நிக்காம ஓடுதுன்னு பாராட்டினேன். நடுவுல 'தாள்ல கொஞ்சம் கவனம் வச்சா இன்னும் பிரமாதமா இருக்கும்'னேன். அவ்வளவுதான். கடைசியில 'உன்ன மாதிரி ஆள் கிடைக்க மாட்டான்'னேன். படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனான். தப்பு என்னோடது. எடுக்கறதுன்னா என்னை எடுங்க. இல்ல, மறுபடி லைனுக்கு அனுப்புங்க. அவனுக்கு ஒரே ஒரு தடவை நேராச் சொல்லிப் பாக்க விடுங்க."

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எச்சரிக்கை கொடுத்த மறுநாள் மாலை ஷெல்லி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கிக் கார்லாவின் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் எலுமிச்சை கேக். "ரஸ் வீட்டுக்கு வந்து ஒரே ஆட்டம். பாஸ் பாராட்டிட்டாளாம். பதினோரு வருஷத்துல யாரும் அவனை ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்ல, கார்லா. தாங்க்ஸ்."

அந்த நிமிடமே கார்லாவுக்குப் புரிந்துவிட்டது, அவனுக்கு எதுவும் புரியவில்லை என்று. கேக்கை வாங்கிக்கொண்டாள். இரண்டு துண்டு தின்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். இருபது நாள் போயிற்று.

கெண்ட்ரா பேனாவைக் கீழே வைத்தாள். கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"கார்லா, முதல்ல, நீங்களே வந்து இதைச் சொன்னதுக்கு நன்றி. இதுக்குத் தைரியம் வேணும். ஆறு மாசம் முன்னாடி இருந்த கார்லா இதைச் செஞ்சிருக்க மாட்டாங்க. உண்மையிலயே பெருமையா இருக்கு."

"சரி."

"நீங்க சொன்னதை நான் பதிவு பண்ணிக்கறேன். கையெழுத்து இருக்கறதால மத்தது அதன் போக்குல போகும். எச்சரிக்கை குடுக்கறதை இன்னும் எப்படிக் கூர்மையாக்கலாம்னு நாம தனியா ஒரு நாள் உக்காந்து பேசலாம்."

"சரிங்க."

"கடைசியா ஒண்ணு. இந்த ஆலைக்கு நீங்க எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கே தெரியாது. கேக் சாப்பிட்டீங்களா? பச்சைப் பாகு நான்தான் தேர்ந்தெடுத்தேன்."

கார்லா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நெஞ்சு லேசாகியிருந்தது. சொல்லியாயிற்று. கெண்ட்ரா கேட்டுக்கொண்டாள். பெருமையாக இருக்கிறது என்றாள். பதிவு செய்துகொள்வதாகவும் சொன்னாள்.

தண்ணீர்க் குழாய் வரைக்கும் வந்தபோதுதான் கால் நின்றது.

மத்தது அதன் போக்குல போகும்.

பதில் அதுதான். நடுவில் இருந்தது.

---

இரண்டரைக்குச் சங்கு ஊதியது. சாப்பாட்டு ஹாலை ஒட்டிய சின்ன அறைக்கு வெளியே காவலாளி வந்து நின்றுகொண்டான். ரஸ் வந்தான். தலையில் வலை, தாடியில் வலை. கண்கள் மட்டும் சிரித்தன.

"என்ன பாஸ், மறுபடியுமா? ஷெல்லியை இன்னொரு கேக் போடச் சொல்லணும் போலிருக்கே."

"உக்காருடா."

"சான்றிதழ் குடுத்துட்டாங்களா? சாயங்காலம் மீன் சாப்பாட்டுக்கு மறக்காம எடுத்துட்டு வா. ஷெல்லி அதை மேஜையில நிறுத்தி வச்சு எல்லாருக்கும் காட்டப்போறாளாம்."

கார்லா மூச்சை இழுத்தாள்.

"ரஸ், உன்னை வேலையிலிருந்து எடுத்தாச்சு. இன்னியோட."

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. தலையை ஆட்டினான். அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தான்.

"ம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"விளையாடாத, கார்லி."

சின்ன வயதுப் பெயர். ஆலைக்குள் அவன் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. கார்லா இரண்டு தாள்களையும் அவன் பக்கம் நகர்த்தினாள். ஒன்று நேற்றைய தாள். இன்னொன்று மூன்று வாரத்துக்கு முந்தைய எச்சரிக்கை. இரண்டாவதை அவன் இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தான். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக.

"இது நீ பாராட்டினதுக்கு வாங்கின கையெழுத்து."

"இல்லடா."

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லவா? லைன் நிக்காம ஓடுதுன்ன. தாள்ல கொஞ்சம் கவனம் வச்சாப் பிரமாதமா இருக்கும்ன. என்ன மாதிரி ஆள் கிடைக்க மாட்டான்ன. ஷெல்லிகிட்ட அப்படியே ஒப்பிச்சேன்."

"ஆமா."

"நான் கவனம் வச்சேனே!" குரல் உயர்ந்தது. "அன்னியிலேர்ந்து ஒரு கட்டம் கூடக் காலியா விடல. மறந்துடக் கூடாதுன்னு முன்னாடியே போட்டு வச்சேன். நீ சொன்னதுக்காகத்தான் போட்டேன்!"

கார்லா கண்களை மூடிக்கொண்டாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. காலியாக விட்டவன் முன்கூட்டியே போட ஆரம்பித்தது அவள் பேச்சினால்தான். அந்தப் பேச்சே இல்லாமல் இருந்திருந்தால் நேற்று ஒன்று பத்துக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்கும்.

"அந்தச் சோதனை எதுக்குன்னு உனக்குத் தெரியுமில்ல? ஒரு சின்னக் கம்பித் துண்டு, ஏதோ ஒரு குழந்தை வாய்ல..."

"தெரியும். உனக்கும் தெரியும். நீ அந்த இடத்துல நின்னப்போ எத்தனை தடவை பட்டையை உள்ள விட்ட?"

அவள் தாள்களின் ஓரங்களைச் சேர்த்து வைத்தாள்.

"நான் வேலைக்குச் சேந்த மொத நாள். 'லைன் நின்னா ஃபோர்மேன் கத்துவான்டா, ஷிப்ட் முடியறப்போ எல்லாத்தையும் மொத்தமாப் போட்டுடு'ன்னு யார் சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்."

"சரி. தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

தாடி வலையைக் கழற்றி மேஜையில் வைத்தான். வலைக்குள் இருந்த முகம் அவள் நினைத்ததைவிட வயதானதாக இருந்தது.

"ஷெல்லி கேக் கொண்டுவந்தாளே. எனக்குப் புரியலன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்.

"தெரியும்."

"தின்னியா?"

"தின்னேன்."

ரஸ் சின்னதாகத் தலையாட்டினான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

"காப்பீடு?"

"இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும்."

"ஆபரேஷன் ஒம்பதாம் தேதி."

"தெரியும்டா."

"உனக்கு எல்லாமே தெரியுது." எழுந்தான். அடையாள அட்டையை அவள் கையில் கொடுக்கவில்லை, தாள்களின் மேல் வைத்தான். "ஷெல்லிகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. நீ பேசினது போதும்."

காவலாளி வழிவிட்டான். சாப்பாட்டு ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் தட்டுகளைக் கவனமாகப் பார்த்தார்கள். மணி இரண்டே முக்கால்.

---

ஐந்து மணிக்குக் கார்லா வெளியே வந்தபோது பனி பெய்துகொண்டிருந்தது. மார்ச் மாதத்து ஈரப் பனி. சான்றிதழ் கோட்டுக்குள் மடிந்து கிடந்தது.

வண்டிகள் நிற்கும் இடத்தின் கடைசி வரிசையில் ரஸ்ஸின் பழைய சிவப்புப் பிக்கப் நின்றது.

கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. கையால் துடைத்துப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. இருக்கையில் சாப்பாட்டுப் பெட்டி. எஞ்சின் மூடியில் கை வைத்தாள். சில்லிட்டிருந்தது. வண்டியைச் சுற்றிக் காலடித் தடம் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் பனி மூடியிருக்கும்.

யாராவது வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள், இந்த மனநிலையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று நினைத்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. எடுக்க மாட்டான்தான்.

போனை உள்ளே வைப்பதற்குள் ஒரு செய்தி வந்தது. ஷெல்லி.

'மேஜை பிடிச்சாச்சு. சீக்கிரம் வா, பட்டதாரி!'

கார்லா அதை மூன்று தடவை படித்தாள்.

அவன் சொல்லவில்லை.

---

வெள்ளிக்கிழமையென்றால் ஊரே ஏரிக்கரை உணவகமான சப்பர் கிளப்பில்தான். அதிலும் இறைச்சி தின்னாத தவக்காலத்து வெள்ளி. வாசல் வரை வரிசை நின்றது. பொரித்த மீன் வாசனையும் ஈரக் கோட்டு வாசனையும் ஒன்றாகக் கலந்திருந்தன.

ஜன்னலோர மேஜையில் ஷெல்லி உட்கார்ந்திருந்தாள். வாக்கரை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். முடியைச் சுருட்டி, உதட்டில் சாயம் பூசி, கல்யாண நாளுக்கு வருவதுபோல் வந்திருந்தாள். எதிரே காலி நாற்காலியின் முன்னால் ரஸ்ஸுக்குப் பிடித்த பிராந்திக் கலவை, செர்ரிப் பழம் மிதக்க, ஏற்கெனவே வந்து காத்திருந்தது.

"வா வா! எங்க காட்டு, காட்டு! அதை ஏன் மடிச்ச? உனக்கு அறிவே கிடையாது."

சான்றிதழை வாங்கி உள்ளங்கையால் நீவினாள். உப்புக் குடுவையில் சாய்த்து நிறுத்தினாள்.

"ரஸ் எங்க? வண்டி நிறுத்தறானா?"

"உனக்குப் போன் பண்ணானா?"

"மூணு மணிக்கு. ஓவர்டைமாம். உன்கூடவே வந்துடுவேன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, சளி பிடிச்சிருக்கும். நானே நம்ம மூணு பேருக்கும் ஆர்டர் சொல்லிட்டேன். அவனுக்கு ரெண்டு மீன் அதிகம்."

"ஷெல்லி."

"என்ன?"

நேராகச் சொல்ல வேண்டும். இரண்டரைக்கு ஒரு தடவை சொன்ன வாய்தானே. கார்லா வாயைத் திறந்தாள். ஷெல்லியின் கண்களைப் பார்த்தாள். வாய் தானாகப் பேசியது.

"அன்னிக்கு நீ குடுத்த எலுமிச்சை கேக், அந்த மாதிரி ஒரு கேக் நான் சாப்பிட்டதே இல்ல."

ஷெல்லி சிரித்தாள். "அது மூணு வாரம் ஆச்சு. இப்போ என்ன திடீர்னு..."

பாதியில் நிறுத்தினாள்.

உதட்டுச் சாயம் மட்டும் முகத்தில் தனியாக நின்றது. மற்றதெல்லாம் வெளுத்துப் போயிற்று. கையை நீட்டிக் கார்லாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மேல் ரொட்டி போதும், கார்லா. நடுவுல என்ன இருக்கு, அதைச் சொல்லு."

"ரஸ்ஸுக்கு வேலை போயிடுச்சு. நான்தான் சொன்னேன்."

பக்கத்து மேஜையில் யாருக்கோ பிறந்த நாள். கைதட்டினார்கள். அது முடியும்வரை ஷெல்லி அவள் மணிக்கட்டை விடவில்லை.

ஒன்பதாம் தேதியைப் பற்றிக் கேட்பாள் என்று கார்லா நினைத்தாள். ஏன் என்று கேட்பாள், யாரால் என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தயாராக இருந்தாள். கேக்கைப் பற்றிக்கூட.

"எத்தனை மணிக்குச் சொன்ன?"

"ரெண்டரைக்கு. ரெண்டே முக்காலுக்கு வெளிய போனான்."

ஷெல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து.

"வண்டி?"

"அங்கேயே நிக்குது. உள்ள ஆள் இல்ல."

"கோட்டு போட்டிருந்தானா?"

கார்லாவுக்கு ஞாபகம் இல்லை. அறையை விட்டு வெளியே போன முதுகை நினைத்துப் பார்த்தாள். வெள்ளை வேலைச் சட்டைதான் கண்ணுக்கு வந்தது.

"ஷெல்லி, நான்..."

"நீ பேசாத." கோபமாகச் சொல்லவில்லை. "கொஞ்ச நேரம் பேசாம இரு."

போனை எடுத்து அழுத்தினாள். காதில் வைத்துக்கொண்டாள். மணி அடிப்பது மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள்.

பரிமாறும் பெண் மூன்று தட்டுகளோடு வந்தாள். மீன், உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ், கருப்பு ரொட்டி. மூன்றாவது தட்டில் மீன் குவிந்து ஆவி பறந்தது. "இதை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

ஷெல்லி காலி நாற்காலியைக் காட்டினாள்.

ஒரு கையில் போனைக் காதோடு பிடித்துக்கொண்டே, மறு கையால் ரொட்டித் தட்டைக் காலி செய்தாள். எட்டும் அளவுக்கு இடுப்பைத் திருப்ப முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, அந்தத் தட்டை ரஸ்ஸின் சாப்பாட்டின் மேல் கவிழ்த்து மூடினாள்.

வெளியே பனி இன்னும் விடவில்லை.